சார்லஸ் மீடும் தென் திருவிதாங்கூரும்

திருவிதாங்கூர் அரசின் தென்கோடியாக இருந்து, 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் சமூக வரலாற்றில், 1818 முதல் 1873 வரையிலான ஐம்பத்தைந்து ஆண்டுகள் தனித்து ஆராயத்தக்கவை. இந்தக் காலப்பகுதியின் பெரும்பகுதியை இப்பகுதியிலும் திருவனந்தபுரத்திலுமாகக் கழித்தவர், இலண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராக இங்கு வந்த சார்லஸ் மீட் என்ற ஆங்கிலேயர். பள்ளி, அச்சுக்கூடம், கைத்தொழில் என அவர் தொடங்கியும் ஊக்கியும் வளர்த்த பணிகளைத் திருச்சபை வரலாறுகள் விரிவாகவே பதிவு செய்துள்ளன. ஆனால், அதிகாரத்தின் நிழலில் தம் பணியைத் தொடங்கிய ஒரு மிஷனரி, படிப்படியாக அந்த அதிகாரத்தை எதிர்த்து மனு எழுதுபவராக மாறியதும், இறுதியில் சாதி குறித்த கேள்வியைத் தம் சொந்த வீட்டிலேயே எதிர்கொண்டு, அதற்காகத் தம் சங்கத்தையே விட்டு விலக நேர்ந்ததும் சேர்த்துப் பார்க்கப்பட்டால்தான் அவருடைய வாழ்க்கையின் முழுப் பொருளும் விளங்கும்.

மீட் வந்திறங்கிய காலத்தில், அந்நாட்டின் சமூக ஒழுங்கு வழக்கத்தாலும் அரசாணையாலும் ஒருசேரக் காக்கப்பட்டு வந்தது. அக்கால ஆவணங்களில் சாணார் என்று எழுதப்பட்டவர்களும் இன்று நாடார் என்று அறியப்படுபவர்களுமான பனையேறும் மக்களும், அவர்களுக்கும் கீழாக வைக்கப்பட்டிருந்த சாம்பவர், புலையர், குறவர் முதலிய மக்களும், தலைவரி செலுத்தியதோடு, 'ஊழியம்' எனப்பட்ட கட்டாய வேலையையும் செய்யக் கடமைப்பட்டிருந்தனர். ஊழியம் என்பது கூலி ஏதும் இன்றி அரசுக்கும் கோயிலுக்கும் உழைப்பது. அரசுச் சரக்குகளைச் சுமப்பது, கோட்டை வேலைக்குப் போவது, பிராமணர்களுக்கு உணவளித்த ஊட்டுப்புரைகளுக்கு விறகும் காய்கறியும் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆகிய யாவும் அதில் அடங்கும். பனையேறிகள் பயன்படுத்திய ஏணிக்கும் காலில் மாட்டிய தளைக்கும்கூடத் தனித்தனியே வரி இருந்தது. செருப்பணிதல், குடைபிடித்தல், பொன்னகை பூணுதல், ஓட்டு வீடு கட்டுதல் ஆகியவை இம்மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பதும், மார்பை மறைத்து மேலாடை அணிவதும் குற்றமாகக் கருதப்பட்டன. மேல்சாதியாரின் முன்னிலையில் மார்பைத் திறந்து வைப்பது மரியாதையின் அடையாளம் என்பதே அந்த ஒழுங்கின் விளக்கமாக இருந்தது. ஆகவே, ஒரு முழத் துணியைத் தோளில் போடுவது அந்த ஒழுங்கு முழுவதையும் மறுக்கும் செயலாகவே பார்க்கப்பட்டது.

புராட்டஸ்டண்டு கிறிஸ்தவம் இந்நாட்டுக்குள் நுழைந்ததே இவ்வாறு ஒடுக்கப்பட்டிருந்த ஒருவரின் முயற்சியால்தான். மயிலாடியைச் சேர்ந்த சாம்பவரான மகாராசன், தஞ்சாவூரில் கிறிஸ்தவ சமயத்தை அறிந்து, 1799 வாக்கில் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் என்ற பெயருடன் ஊர் திரும்பினார். அவருடைய அழைப்பின் பேரிலேயே பிரஷ்ய நாட்டவரான ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். பத்தாண்டுக் காலம் எளிய வாழ்க்கை வாழ்ந்து பணிபுரிந்த ரிங்கல்தௌபே உடல் நலிந்து 1816இல் வெளியேறிய பின், மீட் வரும்வரை சபைகளைக் கட்டிக் காத்தவரும் வேதமாணிக்கமே. மிஷனரி வரலாறுகள் பெரும்பாலும் கடல் கடந்து வந்தவர்களின் பெயர் வரிசையாகவே எழுதப்படுவதால் இந்த உண்மை பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடுகிறது. தென் திருவிதாங்கூர்த் திருச்சபையின் முதல் அடித்தளம் ஒரு சாம்பவக் குடும்பம் என்பதை மனத்தில் இருத்தாமல் பின்னாளில் நிகழ்ந்தவற்றை மதிப்பிட இயலாது.

1792இல் இங்கிலாந்தில் பிறந்த மீட், 1816இல் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டு, சென்னையில் சில காலம் தங்கி, பினாங்குக்குச் சென்றபோது அங்கே தம் துணைவியை இழந்தார். 1818இன் தொடக்கத்தில் மயிலாடியில் பணியை ஏற்ற அவர், அதே ஆண்டில் நாகர்கோவிலுக்கு இடம்பெயர்ந்து அதையே பணியின் மையமாக்கினார்; அடுத்த ஆண்டில், தஞ்சாவூர் மிஷனில் பணியாற்றிய ஹார்ஸ்ட் என்பவரின் மகள் ஜோஹன்னாவை மணந்தார். அவர் வந்த காலம் மிஷனுக்குச் சாதகமானது. திருவிதாங்கூரில் ஆங்கிலக் கம்பெனியின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடென்டாக, இருந்ததோடு 1811 முதல் 1814 வரை திவான் பொறுப்பையும் சேர்த்து வகித்த கர்னல் ஜான் மன்றோ, மிஷனரிகளுக்கு வெளிப்படையாகவே துணை நின்றார். பொறுப்பு அரசியாக ஆட்சி செய்த கௌரி பார்வதி பாய், மன்றோவின் பரிந்துரையை ஏற்று, நாகர்கோவிலில் ஒரு பங்களாவையும், வயல் வாங்குவதற்கென 5,000 ரூபாயையும் மிஷனுக்கு வழங்கினார். அந்த வயல்களின் வருவாய் கல்விப் பணிக்கு ஊன்றுகோலாயிற்று. 1819 ஜனவரி 1 அன்று நாகர்கோவிலில் பெரிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கல் இழுத்துவர அரசின் யானைகளும் உதவின.

இந்த ஆதரவின் உச்சமாக, மீட் நாகர்கோவில் நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் அமர்த்தப்பட்டார். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவர் அப்பதவியில் இருந்தார். சமயப் பணிக்காக அனுப்பப்பட்டவர் அரசுப் பதவி வகிப்பதை இலண்டனில் இருந்த சங்க இயக்குநர்கள் ஏற்காததால் அதை விட்டு விலகினார். அந்த ஓராண்டின் விளைவுகள் இருவகைப்பட்டவை. சொல்லுக்கு மதிப்பில்லாமல் வாழ்ந்த மக்களுக்கு, தங்கள் வழக்கைச் சாதி பாராமல் கேட்கும் ஒருவர் நீதிமன்றத்தில் இருக்கிறார் என்பதே புதிய அனுபவம். அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் மிஷனின் போதனையின் கீழ் தங்களை ஒப்படைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். மறுபுறம், அரசின் கையும் மிஷனின் கையும் ஒன்றே என்ற எண்ணம் மேல்சாதியாரிடையே வேரூன்றி, பின்னாளில் மன்றோ நாடு திரும்பியதும் வெடித்த பகைக்கு வித்திட்டது. மிஷனில் அவ்வாறு சேர்ந்தவர்களில் பலர் விசுவாசத்தைவிடப் பாதுகாப்பையே நாடி வந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஊழிய வேலைக்கும் அடிக்கும் அஞ்சி வாழ்ந்த ஒரு மக்கள் பாதுகாப்பைத் தேடியது குறையாகக் கொள்ளத்தக்கதும் அன்று.

நீதிபதிப் பதவியை விட்ட பின் மீட் கட்டியெழுப்பிய நிறுவனங்கள் நெடுங்காலம் நிலைத்தன. 1819இல் நாகர்கோவிலில் அமைந்த செமினரி, அதாவது உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் பயிற்றுவிக்கும் உயர்நிலைப் பள்ளி, பல மாற்றங்களைக் கண்டு 1893இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக உயர்ந்தது. 1820 வாக்கில் நாகர்கோவிலில் நிறுவப்பட்ட அச்சுக்கூடம் திருவிதாங்கூரின் தொடக்ககால அச்சுக்கூடங்களுள் ஒன்று. கிராமந்தோறும் பள்ளிகளைத் திறந்தால் அவற்றுக்குப் பாடநூல் வேண்டும், பாடநூலுக்கு அச்சு வேண்டும், அச்சுக்கு எழுத்துக்கோக்கவும் புத்தகம் கட்டவும் தெரிந்த கைகள் வேண்டும் என்ற கணக்கில், அச்சுக்கூடமே ஒரு தொழிற்பள்ளியாகவும் அமைந்தது. ஓலைச்சுவடியைத் தொடவும் உரிமை பெற்றிராத குடும்பங்களின் பிள்ளைகள் ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து பொறுக்கி வரிசையில் கோத்துப் புத்தகம் ஆக்கினர். எழுத்தறிவு மேலிருந்து வழங்கப்படும் கொடை என்ற நிலை அங்கே மாறத் தொடங்கியது.

பெண்களுக்கான பணி, 1819 இறுதியில் வந்து சேர்ந்த சக மிஷனரி சார்லஸ் மால்ட்டின் துணைவி மார்த்தா மால்ட்டின் முயற்சியில் வலுப்பெற்றது. ஜோஹன்னா மீடும் அதில் பங்கேற்றார். பெண்களுக்கான உறைவிடப் பள்ளியில் எழுத்து, கணக்கு ஆகியவற்றோடு லேஸ் பின்னலும் கற்பிக்கப்பட்டது. லேஸ் என்பது நூலிழைகளைப் பின்னி உருவாக்கும் சல்லடை போன்ற அலங்காரத் துணி. வைக்கோல் அல்லது பஞ்சு திணித்த கெட்டியான திண்டின் மேல், வடிவத்துக்கேற்பத் துளையிட்ட தடித்த தாளை இறுக்கிப் பொருத்தி, அத்துளைகளில் குண்டூசிகளை ஊன்றி, சிறு மரக்குச்சிகளில் சுற்றிய நூல்களை இணை இணையாக எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாகக் கடத்தியும் முறுக்கியும் அந்த ஊசிகளைச் சுற்றிக் கொண்டுபோவதே அதன் முறை. ஒரு விரற்கடை அளவு பின்னல் முடிவதற்குள் குச்சிகள் நூற்றுக்கணக்கான முறை இடம் மாறிவிடும். மிகுந்த பொறுமையும் கண்பார்வையும் கோரும் இந்த வேலைக்கு, ஐரோப்பியக் குடும்பங்களிடையே நல்ல விலை கிடைத்தது. கூலி என்ற ஒன்றைக் கண்டிராத பெண்ணின் கையில் அவளுடைய உழைப்புக்கான காசு நேராக வந்து சேர்ந்தது. அடிமைக் குடும்பங்களில் பிறந்து அப்பள்ளிக்கு வந்த சில பெண்கள், அக்காசைக் கொண்டே தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினர். தென் திருவிதாங்கூரில் மிஷன் செய்த பணிகளுள் மிகக் குறைந்த ஆரவாரத்துடன் மிக ஆழமான மாற்றத்தைச் செய்தது இதுவே எனலாம். ஆலயமும் பள்ளியும் குடும்பத்தின் வழியாகவே பெண்ணை அடைந்தன. லேஸ் காசோ பெண்ணின் வழியாகக் குடும்பத்தை அடைந்தது.

பள்ளிக்கும் ஆலயத்துக்கும் வந்த பெண்கள் உடம்பை மறைத்து வர விரும்பியதும், வழிபாட்டு ஒழுங்கு அதை வேண்டியதும் தோள்சீலைப் போராட்டத்தின் உடனடிக் காரணம் ஆயின. தோள்சீலை என்பது மேல்சாதிப் பெண்கள் மார்பின் குறுக்கே தோள்மேல் இட்ட துணி. குப்பாயம் என்பது சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளை எனப்பட்ட முஸ்லிம் பெண்களும் அணிந்த தளர்வான சட்டை. 1814இல் மன்றோவின் முயற்சியால் பிறந்த ஆணை, கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று மட்டும் அனுமதித்தது. மேல்சாதியாரைப் போன்ற தோள்சீலைக்கு அதில் இடமில்லை. பெண்களோ குப்பாயத்தோடு நிற்காமல் அதன் மேல் தோள்சீலையும் இட்டுக்கொண்டனர். மிஷனரிகளின் அளவான கோரிக்கையைத் தாண்டி, அரசு ஆணையின் எல்லையையும் தாண்டி, சமமான உடை என்ற கோரிக்கையை முன்வைத்தவர்கள் அப்பெண்களே. மிஷனரிகள் முதன்மையாக வேண்டியது அடக்கமான உடை; பெண்கள் வேண்டியது மதிப்பு. இந்த வேறுபாட்டைப் பல நூல்கள் கவனிக்கத் தவறியுள்ளன.

1822இல் கல்குளம் பகுதியில் சந்தைக்கும் தெருவுக்கும் வந்த பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. மீட் அதை உடனே ரெசிடென்டாக இருந்த கர்னல் நியூவலுக்கு எழுதினார். விசாரணை பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்குச் சென்று, கிறிஸ்தவப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தத் தடையில்லை என்ற தீர்ப்பு 1823இல் கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்திருந்தவர், இப்போது முறையீட்டாளர்களின் பக்கம் நின்று, அவர்களுக்காக எழுதுபவராக மாறியிருந்தார். அடிபட்டவர் உபதேசியாரிடம் சொல்ல, உபதேசியார் இடம், நாள், ஆள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மிஷனரியிடம் கொடுக்க, மிஷனரி அதை ஆங்கிலத்தில் எழுதி ரெசிடென்டுக்கு அனுப்ப, ரெசிடென்டு திவானிடம் விளக்கம் கேட்க, திவான் தாசில்தாரைக் கேட்பார். அநியாயம் செய்தவரே தாசில்தாரின் உறவினராகவோ சாதியாராகவோ இருந்த நாட்டில், தாசில்தாரின் தலைக்கு மேலாகச் செல்லும் இந்தப் பாதை ஒன்றே எளியவர்களுக்குத் திறந்திருந்தது. அதே வேளையில் அது அந்நிய வல்லரசின் செல்வாக்கைச் சார்ந்த பாதை என்பதும், ரெசிடென்டு மாறினால் அடைபடக்கூடியது என்பதும் விரைவில் வெளிப்பட்டன.

1827 முதல் 1830 வரை கலகம் மீண்டும் மூண்டு, முன்னிலும் கடுமையாக நடந்தது. கல்குளம், இரணியல் பகுதிகளில் ஆலயங்களும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன; பெண்கள் தாக்கப்பட்டனர்; உபதேசியார்கள் பொய் வழக்குகளில் சிறையிடப்பட்டனர்; மீடின் உயிருக்கும் மிரட்டல் எழுந்து, படைவீரர்களின் காவல் தேவைப்பட்டது. 1829 பிப்ரவரி 3 அன்று அரசு வெளியிட்ட பிரகடனம் மக்களின் பக்கம் நிற்கவில்லை. சாணார் பெண்கள் தோள்சீலை அணிவது முறையன்று என்றும், ஊழிய வேலையைப் பழைய வழக்கப்படி அனைவரும் செய்ய வேண்டும் என்றும், அரசின் அனுமதியின்றி ஆலயங்கள் எழுப்பக் கூடாது என்றும் அது விதித்தது. கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று ஊழியம் செய்ய வேண்டாம் என்று முன்பு கிடைத்திருந்த விலக்கு எழுத்தில் நீடித்தாலும், தோள்சீலை பற்றிய விதி முப்பதாண்டுக் காலம் சட்டமாகவே நின்றது.

இந்தக் கொந்தளிப்புக்கு நடுவே, 1828இல் மீட் தம் இருப்பிடத்தை நெய்யூருக்கு மாற்றினார். கலகத்தின் மையத்துக்கு அருகே சென்று அமர்ந்த அந்த முடிவின் துணிவு குறிப்பிடத்தக்கது. நாகர்கோவிலை மால்ட் பார்த்துக்கொள்ள, மேற்குப் பகுதிகள் முழுவதும் மீடின் பொறுப்பாயின. அங்கும் பள்ளிகளும் ஓர் அச்சுக்கூடமும் கைத்தொழில்களும் வளர்ந்தன. மக்கள் அவரை 'மீட் ஐயர்' என்று அழைத்தனர்; ஐரோப்பியப் போதகர்களை ஐயர் என்று மதித்தழைப்பது அந்நாட்டு வழக்கம். 1836இல் இங்கிலாந்து சென்ற மீட், 1838இல் புதிய மிஷனரிகள் பலரோடு திரும்பினார். அவர்களுள் ஒருவரான மருத்துவர் ஆர்ச்சிபால்டு ராம்சே அவ்வாண்டிலேயே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். இன்றும் நெய்யூர் என்றதும் மக்கள் நினைவுக்கு வரும் மருத்துவமனையின் தொடக்கம் அது.

அதே பத்தாண்டில், அதே மண்ணில், வேறொரு குரலும் எழுந்ததை இங்கே விலக்கிச் செல்வது நியாயமாகாது. சாமிதோப்பில் 1833 முதல் அய்யா வைகுண்டர் மக்களைத் திரட்டி, சாதி வேற்றுமையின்றி ஒரே கிணற்றில் நீர் எடுக்கவும் தலைப்பாகை கட்டி வழிபடவும் கற்பித்தார். அரசு அவரைத் திருவனந்தபுரத்தில் சிறையிலும் அடைத்தது. மிஷனின் வளர்ச்சிக்கு வைகுண்டரின் இயக்கம் தடையாக இருப்பதாக மிஷனரி அறிக்கைகள் குறைபட்டுக்கொண்டன. ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் மதிப்பை மீட்க ஒரே காலத்தில் இரண்டு பாதைகளை அமைத்துக்கொண்டனர் என்பதே வரலாற்று நோக்கில் சரியான பார்வை. ஆங்கிலேய ரெசிடென்டின் தயவின்றி நடந்த பாதை வைகுண்டருடையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தோள்சீலைக்கு இணையான மற்றொரு பெரும் பிரச்சினை அடிமைமுறை. 1812இல் வெளியான அரசாணை அடிமை வணிகத்தைத் தடுத்தபோதிலும், நிலத்தோடு கட்டுண்ட உழவடிமைகளை அது தொடவில்லை. நிலம் கைமாறும்போது அவர்களும் கைமாறினர். 1836ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில், ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் பேர் வாழ்ந்த நாட்டில் 1,64,864 பேர் அடிமைகளாகப் பதிவாகினர். எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கு அது. பெரும்பாலும் புலையரும் சாம்பவரும் குறவருமான அவர்கள் விற்கவும் அடகு வைக்கவும் குத்தகைக்கு விடவும் பட்டனர். கம்பெனியின் நேரடி ஆட்சிப் பகுதிகளில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உடைமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடை செய்தபோது, சுதேச அரசான திருவிதாங்கூர் அதன் வரம்புக்கு வெளியே நின்றது. 1847 மார்ச்சில் திருவிதாங்கூர், கொச்சி மிஷனரிகள் ஒன்றுகூடி அடிமை ஒழிப்புக் கோரி மன்னருக்கு மனு அளித்தனர். மூத்த மிஷனரியான மீட் அதில் முன்னின்றார். மனு நேரடிப் பயனைத் தரவில்லை என்றாலும், ரெசிடென்டு கல்லனும் சென்னை அரசும் இப்பொருளைத் தொடர்ந்து எழுப்ப அது அடிப்படை ஆயிற்று. அரசின் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் விடுதலை பெற்றோர் என்று 1853இல் ஒரு பிரகடனமும், அடிமை உடைமையையே ஒழிக்கும் பிரகடனம் 1855 ஜூன் 24 அன்றும் வந்தன. இரண்டாவது பிரகடனம் வந்தபோது மீட் இலண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராக இல்லை.

1848இல் ஜோஹன்னா மறைந்த பின், அறுபது வயதை நெருங்கியிருந்த மீட், 1850களின் தொடக்கத்தில் லோயிஸ் பிடல்ஃப் என்ற தமிழ்ப் பெண்ணை மணந்தார். அவர், மிஷனில் முன்ஷியாக, அதாவது மொழி கற்பிக்கும் ஆசிரியராக, பணியாற்றிய ஒரு சாம்பவக் கிறிஸ்தவரின் மகள். மிஷன் பள்ளியில் கல்வி பெற்றவர். இத்திருமணம் உடன் பணியாற்றிய மிஷனரிகளிடையே பெரும் எதிர்ப்பை எழுப்பியது. வயது வேறுபாடு பெரிது என்பதும் திருமணத்தால் மிஷனின் மதிப்புக் குறையும் என்பதும் வாதங்களாயின; சபைகளிலும் சலசலப்பு எழுந்தது. இறுதியில் மீட் சங்கத்தை விட்டு விலகினார். வயது பற்றிய மறுப்புக்கு இடமுண்டு என்றே வைத்துக்கொண்டாலும், அதே வயதில் ஒரு மிஷனரியின் மகளை அவர் மணந்திருந்தால் முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட பணி அத்துடன் முடிந்திருக்காது.

இந்நிகழ்ச்சியின் கனத்தை உணர, அது நடந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். 1850இல்தான் சென்னை மிஷனரி மாநாடு, சாதியை முற்றிலும் கைவிடாதவர்களைச் சபையில் ஏற்பதில்லை என்ற தீர்மானத்தை வெளியிட்டிருந்தது. சாதியை விட்டவர் என்பதற்குச் சான்றாக, சாம்பவர் சமைத்த உணவை உண்ண முன்வருவதை அது அளவுகோலாக வைத்தது. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அந்த அளவுகோலை வைத்தவர்களின் வட்டத்திலேயே, உணவு மட்டுமல்ல, வாழ்வையே ஒரு சாம்பவப் பெண்ணோடு பகிர்ந்துகொண்ட மிஷனரிக்கு இடமில்லாமல் போயிற்று. மயிலாடி வேதமாணிக்கத்தின் குடும்பத்திலிருந்து தொடங்கிய ஒரு திருச்சபையில், அவருடைய சாதியில் பிறந்த பெண் போதகரின் மனைவியாக அமர்வதை ஏற்க முடியவில்லை. இதில் சாதி எவ்வளவு, ஆங்கிலேயரின் இனப்பெருமை எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதே பொருந்தும்.

விலகிய மீட் நாடு திரும்பவில்லை. திருவனந்தபுரத்தில் குடியேறி, திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளுக்கு மேற்பார்வையாளராகப் பணியேற்றார். மிஷன் அவரைக் கைவிட்ட வேளையில், அவர் பலமுறை எதிர்த்து மனு எழுதிய அரசே அவருடைய கல்வி அனுபவத்தை ஏற்றுக்கொண்டது.

அதற்குள் தோள்சீலை வழக்கும் அதன் கடைசிக் கட்டத்தை எட்டியது. 1858 நவம்பரில் விக்டோரியா அரசியின் பிரகடனம் வெளியானதைத் தொடர்ந்து எழுந்த பதற்றத்தில், பெண்கள் மீண்டும் தாக்கப்பட்டு, ஆலயங்களும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. அப்போதைய திவான் டி. மாதவராவின் அரசு பழைய ஆணையையே வலியுறுத்தியது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் ரெசிடென்டு வழியாகக் கடும் நெருக்குதல் தந்த பின்னரே, 1859 ஜூலை 26 அன்று புதிய பிரகடனம் வந்தது. சாணார் பெண்கள் குப்பாயம் அணியலாம், அல்லது மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியால் உடம்பைச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்பது அதன் சாரம். பெண்கள் கேட்டதில் பாதியைக் கொடுத்து மீதியை மறுத்த ஆணை அது. பிற ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு இந்த அளவு உரிமையும் கிடைக்க மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின.

1873 ஜனவரியில் மீட் திருவனந்தபுரத்தில் இறந்தார். கன்னியாகுமரி மாவட்டத்தில் அவர் பெயரைச் சொல்லும் சபைகளும் பள்ளிகளும் அவரை ஆலயம் கட்டியவர், அச்சுக்கூடம் அமைத்தவர், தோள்சீலைக்காக வாதாடியவர் என்று போற்றுகின்றன. அவை யாவும் உண்மை. எனினும், நூற்றாண்டு மலர்களும் ஆலய வரலாறுகளும் அவருடைய மூன்றாம் திருமணத்தை ஒரு வரியில் கடப்பதோ விட்டுவிடுவதோ அவருக்கும், அவரோடு அந்த எதிர்ப்பை ஏற்று வாழ்ந்த லோயிசுக்கும் செய்யும் அநீதி. மீடின் வரலாற்றை இனி எழுதுபவர்கள் அடிக்கல் நாட்டிய நாளுக்குத் தரும் இடத்தை அந்தத் திருமணத்துக்கும், அதை ஏற்க மறுத்தவர்களின் பொறுப்புக்கும் தர வேண்டும்.